துகளின் வேகம் அறிந்து கன்னைப் பிடியுங்கள்

கோல்ட் ஸ்பிரே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் கண் முதலில் கண்ட்ரோல் பேனலுக்குத்தான் போகிறது. 40 பார், 500 டிகிரி என்று எண்கள் நிலையாக நின்றுவிட்டால் எல்லாம் சரி என்று நம்பிவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்ணும் வாயுவின் நிலையைச் சொல்பவை. பூச்சு பிடிப்பதும் பிடிக்காமல் தெறிப்பதும், தூளில் இருக்கும் ஒவ்வொரு துகளும் ஜாப்பில் மோதும் அந்த நொடியில் என்ன வேகத்தில் வருகிறது என்பதைப் பொறுத்தவை. அந்த வேகம் எந்தப் பேனலிலும் தெரியாது. அதை மனக்கணக்காக வைத்திருப்பவர்தான் இந்தத் தொழிலில் தேறுவார். தெர்மல் ஸ்பிரே பட்டறைகளிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. உருக்கும் எண்ணத்தை முதலில் விட்டொழியுங்கள். பிளாஸ்மா, ஃபிளேம் ஸ்பிரே பழகிவிட்டு வருபவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம். ஒட்டவில்லையா, சூட்டை ஏற்று என்று கை தானாகப் போகும். இங்கே உலோகம் திடமாகவே கிளம்பி, திடமாகவே மோதி, திடமாகவே ஒட்டுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகும் ஒரு கிலோ செம்பிடம் உள்ள இயக்க ஆற்றல் 125 கிலோ ஜூல். அது முழுவதும் வெப்பமாக மாறினாலும் செம்பின் சூடு 325 டிகிரிதான் ஏறும். செம்பு உருகுவதோ 1085 டிகிரியில். ஆகவே துகள் முழுதும் உருகிப் பரவுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடப்பது வேறு. துகளும் பரப்பும் தொடும் விளிம்பில், நானோ நொடிக் கணக்கில், உலோகம் நசுங்கிப் பக்கவாட்டில் பீறிடுகிறது. இரண்டின் மேலும் இருந்த ஆக்சைடு படலம் அதில் உடைந்து விலக, உள்ளிருந்த சுத்தமான உலோகம் சுத்தமான உலோகத்தைத் தொடுகிறது. இப்படிப் பீறிடுவதற்குக் காரணம் என்ன என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. விளிம்பில் சேரும் வெப்பத்தால் உலோகம் திடீரென்று தளர்ந்து வழுக்குவதே காரணம் என்று 2003-இல் அசாடி, கார்ட்னர், கிரேயே முதலியோர் எழுதினார்கள். அந்தத் தளர்ச்சி இல்லாமலே ஒட்ட முடியும் என்று 2018-இல் எம்.ஐ.டி. குழுவினர் மறுத்தார்கள். இரண்டு கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். பட்டறைக்கு வேண்டியதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை: ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால்தான் ஒட்டும்.

2. அந்த வேகத்தைத்தான் கிரிட்டிக்கல் வேகம் என்கிறோம். நீங்கள் தெளிக்கும் ஒவ்வொரு உலோகத்துக்கும் அது சுமாராக எவ்வளவு என்று தெரியாமல் தூளை ஃபீடரில் கொட்டாதீர்கள். செம்புக்கு நொடிக்கு 500 மீட்டரை ஒட்டி. அலுமினியத்துக்கு 600-க்கு மேல். டைட்டானியத்துக்கு 700-உம் அதற்கு மேலும். துகளின் அளவு, அதன் சூடு, அதில் உள்ள ஆக்சிஜன் ஆகியவற்றைப் பொறுத்து இவை ஏறி இறங்கும். அதனால் புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறும். மலைக்க வேண்டாம்.

இந்த முறையே அந்த வேகத்தைத் தற்செயலாகக் கண்டதில் பிறந்ததுதான். 1980-களில் நோவோசிபிர்ஸ்க்கில், சோவியத் அறிவியல் அகாதமியின் சைபீரியக் கிளையைச் சேர்ந்த கோட்பாட்டு, பயன்பாட்டு இயந்திரவியல் நிறுவனத்தில், அனடோலி பாபிரினும் கூட்டாளிகளும் ஒலியை மிஞ்சும் காற்றோட்டத்தில் தூளைக் கலந்து, அது பொருள்களைச் சுற்றி எப்படிப் போகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வேகம் குறைவாக இருந்தபோது துகள்கள் பரப்பை அரித்தன. ஓர் அளவைத் தாண்டியதும் அதே துகள்கள் அப்பிக்கொள்ளத் தொடங்கின. வேறொருவராக இருந்தால் சோதனை கெட்டது என்று சுரண்டிப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். அவர்கள் நின்று பார்த்தார்கள். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1994-இல் வந்தது. உங்கள் ஜாப்பிலும் அந்த எல்லைக்கோடு தினமும் இருக்கிறது. வேகம் அதற்குக் கீழே நின்றால் நீங்கள் செய்வது விலை உயர்ந்த தூளை வைத்துக் கிரிட் பிளாஸ்டிங். எல்லையை மிகவும் தாண்டி, இரண்டு மடங்குக்கு மேல் போனாலும் மறுபடி அரிப்புதான்.

3. வாயுவின் வேகத்தை முடிவு செய்வது மூன்று: எந்த வாயு, எவ்வளவு சூடு, நாசிலின் வடிவம். ஹீட்டர் இருப்பது முதலில் இதற்காகத்தான். குறுகி விரியும் நாசிலை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவி டர்பைனுக்காக ஸ்வீடன்காரர் டி லாவல் பயன்படுத்தினார். நம்முடையதும் அதே வடிவம்தான். வாயு தொண்டையில் ஒலியின் வேகத்தை எட்டும். அதற்கப்பால் விரியும் பகுதியில் ஒலியை மிஞ்சும். வாயின் பரப்பு தொண்டையைப் போல 4.2 மடங்கு இருந்தால் நைட்ரஜன் மாக் 3-இல் வெளியேறும். அறைச் சூட்டில் உள்ள நைட்ரஜனுக்கு இந்த மாக் 3 என்பது நொடிக்கு ஏறக்குறைய 640 மீட்டர். 500 டிகிரிக்குச் சூடாக்கினால் 1000 மீட்டரைத் தாண்டும். 800 டிகிரியில் 1200. வாயுவே 640-இல் போனால், அதன் தள்ளலில் போகும் செம்புத் துகள் 500-ஐ எட்டுவது கடினம். அதனால்தான் சூடு. சூட்டால் இன்னொரு நன்மையும் உண்டு: துகளும் கொஞ்சம் சூடாகி இளகுவதால் அதன் கிரிட்டிக்கல் வேகம் இறங்குகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 500 டிகிரியில் உள்ளே போன நைட்ரஜன், மாக் 3-இல் வெளியே வரும்போது ஏறக்குறைய 3 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுகிறது. வெப்பம் எல்லாம் வேகமாக மாறிவிட்டது. ஆனால் அதை நம்பிப் பக்கத்தில் கை நீட்டாதீர்கள். ஜாப்பில் மோதி நின்றதும் வேகம் மறுபடி வெப்பமாகிறது. மெல்லிய தகடாக இருந்தால் சூடேறி வளைந்தே போகும்.

4. அழுத்தத்தைக் கூட்டினால் வாயுவின் வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. கூடாது. அதே நாசில், அதே சூடு என்றால் 20 பாரிலும் 40 பாரிலும் வாயுவின் வேகம் ஒன்றே. கூடுவது வாயுவின் அடர்த்தி. 40 பாரில் அது இரண்டு மடங்கு அடர்த்தி. துகளை இரண்டு மடங்கு விசையோடு பிடித்துத் தள்ளும். வாயுவின் வேகம் மாறாமலே துகளின் வேகம் ஏறுவது இப்படித்தான்.

இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. மாக் 3 நாசிலில் உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே வருவதற்குள் சுமார் 37-இல் ஒரு பங்காகக் குறையும். உள்ளே 40 பார் என்றால் வாயில் 1 பாரை ஒட்டி இருக்கும்; வெளிக்காற்றோடு சண்டையில்லாமல் கலக்கும். அதே நாசிலை 20 பாரில் ஓட்டினால் வாயில் அரை பார்தான். வெளிக்காற்று உள்ளே நெருக்க, ஜெட்டில் அதிர்ச்சி அலைகள் எழுந்து ஓட்டம் கலைகிறது. ஆகவே காசை மிச்சப்படுத்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமானால், குறைந்த அழுத்தத்துக்கென்று வடித்த நாசிலைப் போடுங்கள். ரஷ்யாவின் ஒப்னின்ஸ்க்கில் உருவான சிறிய டைமெட் கருவிகள் 10 பாருக்கும் குறைவான காற்றில் ஓடுகின்றன. அவற்றில் தூள் தொண்டைக்கு அப்பால் நுழைகிறது. தூளில் அலுமினாவும் கலந்திருக்கும். அது பரப்பைச் சுத்தம் செய்து, படிந்ததை அடித்து இறுக்கும். அதை உயர் அழுத்தக் கருவியோடு ஒப்பிட்டுக் குறை சொல்வது நியாயமில்லை.

5. துகளின் அளவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பூச்சு கெட்ட இடங்களில் பாதிக்கு மேல் நான் தூளில்தான் காரணத்தைக் கண்டிருக்கிறேன்.

வாயு துகளைத் தள்ளும் விசை துகளின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. துகளின் எடை அதன் கன அளவைப் பொறுத்தது. விட்டம் நான்கு மடங்கானால் பரப்பு 16 மடங்கு, எடை 64 மடங்கு. அதாவது 10 மைக்ரான் துகள் எடுக்கும் முடுக்கத்தில் 40 மைக்ரான் துகளுக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் பங்கு. நாசிலின் நீளமோ 100 முதல் 200 மில்லிமீட்டர். துகள் அதைக் கடக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. பெரிய துகள் வேகம் பிடிப்பதற்குள் ஜாப் வந்துவிடுகிறது. எந்தத் துகளும் வாயுவின் வேகத்தை முழுதாக எட்டுவதில்லை.

அப்படியானால் பொடிப்பொடியாக அரைத்துப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒலியை மிஞ்சிய ஜெட் ஜாப்பை நெருங்கும்போது, பரப்புக்குச் சற்று முன்னால் வில்லைப் போல ஓர் அதிர்ச்சி அலை நிற்கும். அதைத் தாண்டினால் வாயு சட்டென்று வேகம் இழந்து பக்கவாட்டில் திரும்புகிறது. ஆற்று வெள்ளத்தில் வரும் சருகு பாறையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். உருண்டு வரும் கல் பாறையில் மோதும். 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் அந்தச் சருகு. நாசிலில் எவ்வளவு வேகமாக வந்தாலும் கடைசியில் வாயுவோடு திரும்பிவிடும். போதாக்குறைக்கு, பொடித்தூள் ஃபீடரில் கட்டிக்கொள்ளும். எடைக்கு எடை அதில் ஆக்சைடும் அதிகம். பெரிய துகளுக்குக் கிரிட்டிக்கல் வேகம் சற்றுக் குறைவு என்ற சலுகை உண்டு. ஆனால் அதன் வேகமோ அதைவிடக் குறைந்துவிடுகிறது. இந்த இழுபறியில் நடுவே தப்புவது 10 முதல் 45 மைக்ரான் வரை உள்ள தூள். அதனால்தான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள்.

தூள் வந்ததும் பையில் ஒட்டிய சீட்டை மட்டும் பார்த்து வாங்கி வைக்காதீர்கள். சராசரி 25 மைக்ரான் என்று எழுதியிருக்கும். சராசரி அதுவாகவே இருந்தும் உள்ளே 5-உம் 70-உம் கலந்திருக்கலாம். அளவுப் பரவலைக் காட்டும் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சிட்டிகையை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். பெரிய உருண்டையின் மேல் குட்டிகள் ஒட்டியிருக்கின்றனவா, துகள் உருண்டையா கோணலா என்று பழகுங்கள். கோணல் துகளை வாயு நன்றாகப் பிடிக்கும். வேகம் கூடுதலாகவே வரும். ஆனால் ஃபீடரில் சீராக ஓடாது.

6. தூளைக் காயவைத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் திறந்த டப்பாவை மறுநாள் அப்படியே ஊற்றாதீர்கள். அடுப்பில் காய்ந்த தூளுக்கும் ஈரத் தூளுக்கும் உள்ள வித்தியாசம் ஃபீடரின் துடிப்பிலேயே தெரியும்.

7. நாசிலின் தொண்டையை வாரம் தவறாமல் பின் கேஜ் விட்டு அளந்து எழுதி வையுங்கள். 2 மில்லிமீட்டர் தொண்டை தேய்ந்து 2.2 ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிட்டது. வாய் அதே அளவில் இருப்பதால் மாக் எண் 3-இலிருந்து 2.8-க்கு இறங்குகிறது. வாயுவின் வேகத்தில் இழப்பு சிறிது; 1000 சொச்சத்திலிருந்து 990. அடி விழுவது வேறிடத்தில்: வாயு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் செலவாகிறது, ஹீட்டர் அந்தக் கூடுதல் ஓட்டத்தைச் சூடாக்க முடியாமல் திணறுகிறது.

செலவு என்றால் எவ்வளவு? 2 மில்லிமீட்டர் தொண்டை, 40 பார், 500 டிகிரி என்றால் மணிக்கு 65 கிலோ நைட்ரஜன். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று ஐந்து நிமிடச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். ஏனென்றால் 40 பாருக்குக் கீழே இறங்கிய சிலிண்டரால் பயனில்லை. பூச்சின் பாதியில் சிலிண்டர் தீர்ந்தால் அந்த அடுக்கில் வேகம் குறைந்து, அங்கேயே பின்னால் உரியும். வேலை தொடங்கும் முன் வாயுவைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலுமினியம் தெளிக்கும்போது தேய்மானத்தைவிட அடைப்புதான் தொல்லை. தூள் நாசிலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிபென்சிமிடசோல் என்ற பாலிமரில் செய்த நாசிலோ, தண்ணீரால் குளிர்வித்த நாசிலோ அதற்காகத்தான். ஜெட்டின் ஓசை மாறினாலோ, படியும் கோடு நடுவை விட்டு ஒரு பக்கம் சாய்ந்தாலோ உடனே நிறுத்திக் கழற்றிப் பாருங்கள்.

8. கன்னை நேராகப் பிடியுங்கள். ஒட்டுவதற்கு உதவுவது பரப்புக்குச் செங்குத்தாக வரும் வேகம் மட்டுமே. 600-இல் வரும் செம்புத் துகள் நேராக மோதினால் முழு 600. கன் பரப்போடு 60 டிகிரிக்குச் சாய்ந்தால் 520. 45 டிகிரியில் 424. கிரிட்டிக்கல் வேகத்துக்குக் கீழே போயாயிற்று. ரோபோவில் கோணம் சரியாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். கன்னை மெதுவாக நகர்த்தினால் படிவு மேடாகக் குவியும். மேட்டின் இரு சரிவுகளும் செங்குத்தாகிக்கொண்டே போகும். அந்தச் சரிவில் விழும் துகளுக்கு உங்கள் நேர்க்கோணம் சாய்கோணம்தான். மேடு முக்கோணமாகக் கூர்ந்து, பக்கங்களில் புரை புரையாக இருப்பது இதனால். வேகமாக நகர்த்தி, மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். இடைதூரம் 25, 30 மில்லிமீட்டர் பெரும்பாலும் சரிப்படும்.

9. துகளின் வேகத்தை லேசர் கொண்டு அளக்கும் கருவிகள் உண்டு. இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாத பட்டறையில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இருக்கும் பட்டறையிலும் செய்யுங்கள். ஜாப்பின் அதே உலோகத்தில் ஒரு சிறு தகட்டைக் கண்ணாடிபோலப் பாலிஷ் செய்யுங்கள். ஃபீடரை மிகக் குறைவாக வைத்து, ரோபோவை அதன் உச்ச வேகத்தில் தகட்டின் மேல் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் தனித்தனியாகச் சிதறி விழுந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். இரண்டு விதக் குறி தெரியும். ஒட்டிய துகள் தட்டையாக நசுங்கி, விளிம்பைச் சுற்றி மெல்லிய உதடு பிதுங்கியிருக்கும். ஒட்டாத துகள் போன இடத்தில் வெறும் குழி இருக்கும். நூறு குறிகளை எண்ணி, எத்தனை ஒட்டின என்று எழுதுங்கள். ஜெட்டின் நடுவில் ஒட்டியவை அதிகம், ஓரத்தில் குழிகள் அதிகம் என்று பார்ப்பீர்கள். ஓரத்தில் துகள்களின் வேகம் குறைவு. பிறகு சூட்டை மட்டும் 50 டிகிரி ஏற்றி இன்னொரு தகடு. அழுத்தத்தை மட்டும் ஏற்றி மற்றொன்று. ஒரு தகட்டுக்கு ஒரு மாற்றம்தான். ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிட்டு எது உதவியது என்று என்னிடம் வந்து கேட்காதீர்கள்.

10. ஹீலியத்தில் ஒலியின் வேகம் நைட்ரஜனைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நைட்ரஜனில் அடம்பிடிக்கும் உலோகமும் அதில் பணியும். ஆனால் இந்தியாவுக்கு அது இறக்குமதிச் சரக்கு. திரும்பப் பிடித்துச் சுத்தம் செய்யும் வசதி இல்லாமல் அதைக் காற்றில் விடுவது எனக்கு உடன்பாடில்லை. தூளையும் சூட்டையும் நாசிலையும் சரிசெய்து பார்த்த பிறகே ஹீலியத்தைக் கேளுங்கள். இன்று 50 பார், 1100 டிகிரி வரை போகும் நைட்ரஜன் இயந்திரங்கள் விற்பனையில் இருக்கின்றன. முன்பு ஹீலியம் இல்லாமல் முடியாது என்ற வேலைகள் பல அவற்றில் முடிகின்றன.

11. அலுமினியம், டைட்டானியம் பொடி காற்றில் கலந்து நின்றால் வெடிக்கும். டஸ்ட் கலெக்டருக்கும் ஃபீடருக்கும் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காதுக் கவசம் இல்லாமல் பூத் பக்கம் போகாதீர்கள். இந்தச் சத்தத்தில் போன செவி திரும்பாது.

12. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலாக, நைட்ரஜன். 4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு பூத்தில் 48 கன மீட்டர் காற்று இருக்கும். மேலே சொன்ன நாசில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் நைட்ரஜனை அதற்குள் கொட்டுகிறது. எக்ஸாஸ்ட் ஓடாவிட்டால், ஆக்சிஜன் பாதுகாப்பு எல்லையான 19.5 சதவீதத்துக்குக் கீழே போக நான்கு நிமிடம்கூட ஆகாது. நைட்ரஜனுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. நிற்கும்போதே நினைவு தப்பும். விழுந்தவரைத் தூக்க ஓடும் இரண்டாமவரும் விழுவார். எக்ஸாஸ்ட் ஓடத் தொடங்கிய பிறகே வாயு திறக்கும்படி இன்டர்லாக் போடச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். ஆக்சிஜன் மீட்டரைப் பூத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று மாட்டச் சொல்லுங்கள். மீட்டர் பழுதானால் அது சரியாகும் வரை, யார் அவசரப்படுத்தினாலும், ஆர்டர் எவ்வளவு பெரியதானாலும், வாயுவைத் திறக்காதீர்கள்.